ஃபிஜியில் கூட்டமில்லாத கடற்கரை: யசாவாவா, தவெயுனியா?

நெய்தல்நிலம்:
ஆகஸ்டில் சிங்கப்பூரிலிருந்து ஃபிஜியின் விமான நிலையம் இருக்கும் நாந்திக்குப் போகிறோம், நான், மனைவி, அம்மா. தேனாராவ் பக்கத்துப் பெரிய ரிசார்ட்டுகள் வேண்டாம், நீச்சல்குளத்துக்காகவும் பாட்டுச் சத்தத்துக்காகவும் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஒரு சின்ன விரிகுடா, காலையில் பயமில்லாமல் இறங்கிக் குளிக்கிற கடல், பக்கத்திலேயே எளிமையாகத் தங்க ஒரு இடம், இதுதான் தேடுகிறோம். அம்மா சுத்த சைவம், நீச்சல் தெரியாது, ஆனால் கடல் என்றால் உயிர். போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

சுவாவாசி:
அமைதிதான் முக்கியம் என்றால் தவெயுனித் தீவு, அதிலும் கிழக்குக் கரையில் இருக்கும் லவேனா. பஸ் போகும் சாலை அந்தக் கிராமத்தோடு முடிந்துவிடும், அதற்கு அப்பால் நடந்துதான் போக வேண்டும். ஊர்க்காரர்களே நடத்தும் விடுதியில் கட்டணம் கட்டிவிட்டுக் கடலோரமாகவே ஏறக்குறைய 5 கி.மீ. நடந்தால் வைனிபாவ் அருவி வரும். கடைசித் துண்டைத் தண்ணீரில் இறங்கித்தான் கடக்க வேண்டும் என்பதால் அம்மா கிராமத்துக் கடற்கரையிலேயே இருக்கட்டும்.

இன்னொன்று, இதைத் தயவுசெய்து மனதில் வையுங்கள். ஃபிஜியில் ஆளே இல்லை என்று நாம் நினைக்கிற கரைக்கெல்லாம் ஒரு ஊர் உண்டு. நிலத்தில் பெரும்பகுதி பழங்குடிக் குலங்களுக்குச் சொந்தம், கரையை ஒட்டிய கடலிலும் அவர்களுக்கு வழிவழியாக மீன்பிடி உரிமை இருக்கிறது. அதனால் விடுதி இல்லாத கிராமத்துக் கரைக்குப் போவதாக இருந்தால் முதலில் ஊருக்குள் போய்க் கேளுங்கள். நாந்தி சந்தையில் கவா பானம் செய்கிற யங்கோனா வேரைச் செய்தித்தாளில் சுற்றிக் கட்டுக்கட்டாக விற்பார்கள், அரை கிலோ வாங்கிக்கொண்டால் போதும். ஊர்த்தலைவர் முன்னால் தரையில் உட்கார்ந்து அதை வைத்து அனுமதி கேட்பதுதான் செவுசெவு. பிறகு அதே வேரை இடித்துக் கரைத்துச் சிரட்டையில் தருவார்கள், உள்ளங்கையைக் குழித்து ஒரு தடவை தட்டிவிட்டு வாங்கி, ஒரே மூச்சில் குடித்து, மூன்று தடவை தட்ட வேண்டும். நாக்கு கொஞ்ச நேரம் மரத்துப்போகும், பயப்படாதீர்கள். தொப்பியைக் கழற்றிவிடுங்கள், தோளும் முழங்காலும் மூடியிருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், அன்று எல்லோரும் தேவாலயத்தில் இருப்பார்கள்.

அலைவாய்க்கரை:
சுவாவாசி செவுசெவு பற்றிச் சொன்னது அத்தனையும் சரி, ஆனால் ஆகஸ்டுக்கு லவேனாவை நான் சொல்லமாட்டேன். அந்த மாதங்களில் காற்று தென்கிழக்கிலிருந்துதான் அடிக்கும், தவெயுனியின் கிழக்குப் பக்கம் காற்றும் மழையும் நேராக வாங்குகிற பக்கம், தீவு அவ்வளவு பச்சையாக இருப்பதே அதனால்தான். யசாவா தீவுக்கூட்டம் மேற்கே மழை குறைந்த பகுதி. அங்கே காற்றுக்கு மறைவான, மேற்கு பார்த்த விரிகுடாவாகத் தேர்ந்தெடுத்தால் தண்ணீர் அசையாமல் கிடக்கும். தேனாராவ் துறையிலிருந்து காலையில் கிளம்பும் கப்பல் ஒவ்வொரு தீவாக நின்று போகிறது, வடக்கே இருக்கும் நக்குலாத் தீவு வரை போக ஏறக்குறைய 5 மணி நேரம். தெற்கே இருக்கும் தீவுகளுக்கு ஒரு பகலுக்கு வந்து திரும்புகிற கூட்டம் நிறைய, வடக்கே போகப் போகக் குறைந்துவிடும். அங்கே நவிட்டி, ட்ராவாங்கா தீவுகளுக்கு இடையிலுள்ள கால்வாயில் மே முதல் அக்டோபர் வரை மாந்தா திருக்கைகள் வரும், நீங்களும் மனைவியும் அதை விட்டுவிடாதீர்கள்.

கப்பலிலிருந்து நடுக்கடலில் சின்னப் படகுக்கு மாறி, கரையில் முழங்கால் தண்ணீரில் இறங்க வேண்டியிருக்கும். அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், பிடித்து இறக்கிவிடுவார்கள்.

நெய்தல்நிலம்:
இருவருக்கும் நன்றி. முழங்கால் பரவாயில்லை, சாப்பாடுதான் யோசனை. அப்புறம், அம்மா கரையோரம் இறங்குவது பத்திரம்தானா?

தென்கடல்:
யசாவாவில் கடை என்று பெரிதாக எதுவும் கிடையாது, தங்குகிற இடத்தில் போடுவதுதான் சாப்பாடு, ஆகவே மீனும் வேண்டாம் என்று அறை எடுக்கும்போதே எழுதிவிடுங்கள். சேப்பங்கிழங்கு இலையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்த ரோரோ, மரவள்ளி, தாலோ என்கிற சேப்பங்கிழங்கு எல்லாம் அம்மாவுக்குப் பிடிக்கும். நாந்தியில் கவலையே இல்லை, சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலுக்கும் அழைத்துப் போங்கள், கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக 1903 முதல் வந்த தென்னிந்தியர்களின் வம்சம் கும்பிடுகிற கோயில் அது.

கடலைப் பொறுத்தவரை ஏற்றமும் வற்றமும் எத்தனை மணிக்கு என்று தினமும் விடுதியில் கேளுங்கள். நல்ல ஏற்றத்தில் இடுப்பளவு நிற்கிற இடம் வற்றத்தில் கணுக்கால் அளவாகிப் பவளம் வெளியே தெரியும், அதில் வெறுங்காலோடு நடந்தால் காலைக் கிழித்துவிடும், அந்தக் காயம் சீக்கிரம் ஆறாது. மூன்று பேருக்கும் ரப்பர் அடி வைத்த கடல் செருப்பு வாங்கிவிடுங்கள். உண்மையான ஆபத்து பவளத்திட்டில் இடைவெளி விட்டிருக்கும் வாய்தான். கடல் வற்றும்போது உள்ளே நிற்கிற தண்ணீரெல்லாம் அந்த வழியாகத்தான் வெளியே பாயும், நன்றாக நீந்துபவரையும் இழுத்துப் போய்விடும். அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று போன அன்றே படகுக்காரரைக் கைகாட்டச் சொல்லுங்கள், அம்மாவை அதற்கு எதிர்ப்பக்கம் உட்கார வையுங்கள். பணத்தை நாந்தியிலேயே எடுத்துக்கொள்ளுங்கள், தீவுகளில் ஏடிஎம்மை நம்ப முடியாது.