4294967297 பகா எண் என்கிறது என் சி புரோகிராம். எங்கே தப்பு?

பாளை மாணவி:
பாளையங்கோட்டையில் பி.எஸ்ஸி. கணிதம் முதலாண்டு. கொடுத்த எண் பகா எண்ணா என்று பார்க்கும் சி புரோகிராம் எழுதியிருக்கிறேன். 97, 65537 எல்லாம் சரியாக வருகிறது. 4294967297 கொடுத்தால் கண் இமைக்குமுன் "பகா எண்" என்கிறது. மேடமோ அதைக் கணிதமேதை ஆய்லர் 1732-லேயே இரண்டு காரணிகளாக உடைத்துவிட்டார் என்கிறார்கள். 2-இலிருந்து வர்க்கமூலம் வரை வகுக்கிறேன், லாஜிக்கில் தப்பு தெரியவில்லை. நாளைக்கு லேப், யாராவது பாருங்களேன்.

வண்ணார்பேட்டை வாசி:
3, 7, 11, 13 போட்டுப் பார்த்தேன், எதிலும் போகவில்லை. பகா எண்தான் போல. மேடம் வேறு எண்ணைச் சொல்லியிருப்பார்கள்.

தென்காசிக்காரன்:
நாலு எண்ணில் போகவில்லை என்றால் பகா எண்ணா, நல்லா இருக்கே!

தங்கச்சி, வகுக்கிற இடத்தை விடு. எண்ணை இன்ட் (int) என்ற முழு எண் வகையில்தானே வைத்திருக்கிறாய்? அதில் 32 பிட்டுக்குத்தான், அதாவது 32 இரும இலக்கத்துக்குத்தான் இடம். உன் எண் 2³²+1. மேலே உள்ள பிட் கழன்று விழுந்துவிடும், மிச்சம் வெறும் 1. அச்சிட்டுப் பார், தெரியும். 1-க்கு லூப் ஒரு சுற்றுகூட ஓடாமல் நேரே "பகா எண்" வரிக்கு வந்துவிடும். கம்பைலர் வார்னிங் காட்டியிருக்குமே, அதை யார் படிக்கிறார்கள்!

அன்சைன்ட் லாங் லாங் (64 பிட் முழு எண் வகை) என்று மாற்று. பிரின்ட்எஃப்பில் ஃபார்மட்டையும் மாற்ற மறக்காதே. 2-க்குக் குறைந்த எண் வந்தால் "பகா எண் அல்ல" என்று முதலிலேயே ஒரு வரி போட்டுவிடு.

பாளை மாணவி:
வந்துவிட்டது அண்ணே! 641 × 6700417. ஆனால் 641 என்பது 116-ஆவது பகா எண். ஆய்லர் அத்தனையையும் கையாலேயா வகுத்தார்? 6700417 பகா எண் என்று ரெக்கார்டில் எப்படிக் காட்டுவது?

அம்பை அண்ணாச்சி:
அத்தனை எதற்கு? இந்த எண்ணுக்குப் பகாக் காரணி இருந்தால் அது 64-இன் மடங்கோடு 1 கூட்டியதாகத்தான் இருக்கும் என்று ஆய்லரே நிறுவினார். அப்படிப் பார்த்தால் 193, 257, 449, 577, அடுத்தது 641. ஐந்தே எண்கள். 1878-இல் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணிதர் அந்த 64-ஐ 128 ஆக்கினார். அப்புறம் 641-க்கு முன்னால் 257 மட்டும்தான் மிச்சம். அதுவும் 2⁸+1, உன் எண்ணைப் போலவே ஃபெர்மா எண், அதாவது 2-இன் அடுக்காக 2-இன் அடுக்கே இருந்து 1 கூட்டியது. இரண்டு ஃபெர்மா எண்களுக்குப் பொதுக் காரணி கிடையாது, ஆகவே அதுவும் போச்சு.

6700417-இன் காரணி உன் எண்ணுக்கும் காரணிதானே, அதனால் அதற்கும் அதே சல்லடை. வர்க்கமூலம் 2588 சொச்சம். அதற்குள் 257, 641, 769, 1153, 1409 மட்டுமே. மீதி முறையே 170, 44, 120, 334, 622. எதிலும் போகவில்லை, பகா எண்தான். ரெக்கார்டில் இதையே எழுதும்மா.

வண்ணார்பேட்டை வாசி:
641-இல் போகும் என்பதைப் பெருக்காமல் காட்ட முடியுமா அண்ணாச்சி?

அம்பை அண்ணாச்சி:
முடியும். 641 = 5×2⁷+1. எனவே 641-ஆல் வகுத்தால் 5×2⁷-க்கு மீதி −1. நான்காம் அடுக்கு எடுத்தால் 5⁴×2²⁸-க்கு மீதி 1. ஆனால் 641 = 5⁴+2⁴ என்றும் எழுதலாம், ஆகவே 5⁴ இருந்த இடத்தில் −2⁴ போடலாம். −2³²-க்கு மீதி 1 என்று வரும். அப்படியானால் 2³²+1-க்கு மீதி பூஜ்யம். வைவாவில் கேட்டால் இதைச் சொல், பெருக்கிக் காட்டாதே.

பாளை மாணவி:
சரி அண்ணாச்சி. ஆசைக்கு 2⁶⁴+1 கொடுத்தேன். "பகா எண் அல்ல" என்கிறது, காரணி எதுவும் காட்டவில்லை.

தென்காசிக்காரன்:
விடை சரி, ஆனால் சொன்ன காரணம் வேறு! லாங் லாங்குக்கு 64 பிட்தான், மறுபடியும் 1 ஆகிவிட்டது. நீ போட்ட அந்த முதல் வரிதான் பேசுகிறது. பைத்தானில் ஓட்டு, அதில் முழு எண்ணுக்கு இந்த எல்லை இல்லை. 274177 என்ற காரணி வரும்.