புதுப்பிப்பு: அம்மாவுக்கு ஹெல்மெட் இல்லைன்னு போட்ட அபராதம்

போன மாசம் நம்ம திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் பின்னால உக்காந்திருந்த அம்மாவுக்கு ஹெல்மெட் இல்லைன்னு 1000 ரூபா அபராதம் போட்டதை எழுதியிருந்தேன்லா. "சட்டம் அப்படித்தான் அண்ணாச்சி"ன்னு பலரும் சொன்னீங்க. வாஸ்தவம். மோட்டார் வாகனச் சட்டம் 129ஆம் பிரிவு பின்னால இருக்குறவங்களையும் சேர்த்துத்தான் சொல்லுது. 100 ரூபா அபராதம் தமிழ்நாட்டுல 2022 அக்டோபர்ல 1000 ஆயிட்டு. கட்டியாச்சு. அம்மாவுக்கும் ஒண்ணு வாங்கியாச்சு, கொண்டை இடிக்குன்னு தினமும் புலம்பல்.

அதுக்கப்புறம்தான் ஒரு அதிகாரி "பாரபட்சமே கிடையாது"ன்னு பேட்டி கொடுத்தார். நாலு நாள் கெடுபிடி. அஞ்சாம் நாள் சோதனை போட ஆளே இல்ல.

நேத்து அதே இடத்துல கொடி கட்டின பைக் ஊர்வலம். ஒரு தலையிலயும் ஹெல்மெட் இல்ல. எங்களை நிறுத்திட்டு அவங்களுக்கு வழிவிட்டாவ! கேட்டதுக்கு, "மேல இருந்து சொன்னாத்தான் பிடிப்போம் தம்பி"ன்னார் காவலர். அவரைக் குத்தம் சொல்லி என்ன செய்ய, வெயில்ல நிக்குற மனுசன்.

எந்தெந்த நாள் சோதனை நடந்துச்சு, எத்தனை பேருக்கு அபராதம்னு தகவல் உரிமைச் சட்டத்துல கேட்டு இன்னைக்குத் தபால்ல போட்டிருக்கேன். 30 நாள் கெடு. பதில் வந்தா இங்கயே போடுதேன்.