உட்காருங்கள் அம்மா, நான் எடுத்துத் தருகிறேன்

மூத்த மகள்:

அம்மாவுக்கு 74 வயது. சென்ற ஆண்டின் தொடக்கத்தில் ஒரு நாள், அவர் நாற்காலியிலிருந்து எழுவதை உற்றுப் பார்த்தேன். தினமும் கண்ணில் பட்ட காட்சிதான், அன்றுவரை மனதில் பதிந்ததில்லை. இரண்டு கைப்பிடிகளையும் விரல் கணுக்கள் வெளுக்கும் அளவுக்கு இறுகப் பற்றினார். உடம்பை முன்னும் பின்னுமாக இரண்டு முறை ஆட்டினார். மூன்றாவது ஆட்டத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எழுந்த பிறகும் கையை எடுக்கவில்லை. கால் தாங்கும் என்ற நம்பிக்கை வரும்வரை அப்படியே குனிந்து நின்றார்.

வீட்டில் நாங்கள் ஐந்து பேர். "உட்காருங்கள் அம்மா, நான் எடுத்துத் தருகிறேன்" என்று யாராவது ஒருவர் சொல்லிக்கொண்டே இருப்போம். அன்பால் சொன்னதுதான். தண்ணீர், மூக்குக்கண்ணாடி, மாத்திரை, செய்தித்தாள் எல்லாம் அவர் இருந்த இடத்துக்கே வந்துவிடும். மூன்று ஆண்டுகளாக அவருடைய தொடைகளுக்கு நாங்கள் வேலையே வைக்கவில்லை. இதை எழுதும்போதும் மனம் கனக்கிறது.

உடற்பயிற்சி என்று பேச்செடுத்தால், "இந்த வயதில் எந்தப் போட்டிக்குப் போகப் போகிறேன்?" என்று முடித்துவிடுவார். நான் விடாமல் வற்புறுத்தினேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஒரு மாலை என் பேத்தி தரையில் கட்டைகளை அடுக்கிக்கொண்டு, "கீழே வாங்க" என்று அம்மாவைக் கூப்பிட்டாள். முழங்கால் வலிக்கிறது என்று சொல்லி மறுத்துவிட்டார். இரவு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "கீழே உட்கார்ந்துவிடுவேன். எழ முடியாமல் போய்விட்டால் குழந்தை பயந்துவிடுமே."

"கீழே உட்கார்ந்து எழுவதற்கு மட்டும் பழகிப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். உடனே சரி என்றார். உடற்பயிற்சி என்ற சொல்லை அதன்பிறகு நான் எடுக்கவே இல்லை.

நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டோம். உயரம் கூட, கெட்டியான மெத்தைத் திண்டு ஒன்றை அதன்மேல் வைத்தோம். பாதங்களைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து, மூக்கு கால்விரல்களுக்கு நேர் மேலே வரும்வரை முன்னே சாய்ந்து, மூச்சை விட்டபடியே எழ வேண்டும். காலையில் ஐந்து முறை, மாலையில் ஐந்து முறை. உட்காரும்போது 'பொத்'தென்று விழாமல் மெல்ல இறங்குவதுதான் அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. மூன்று வாரம் கழித்து மெல்லிய திண்டு. பிறகு திண்டே இல்லை.

30 வினாடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணும் சோதனை ஒன்று இருக்கிறது. கையை ஊன்றி எழுந்தால் கணக்கில் சேராது. அப்படிப் பார்த்தால் அம்மாவின் முதல் நாள் எண்ணிக்கை பூஜ்யம். அவர் வயதுப் பெண்களுக்கு 10-க்குக் கீழே இருந்தால் குறைவு என்பார்கள். ஐந்தாவது மாதம் 11 எடுத்தார்.

தரையிலிருந்து எழுவதைக் கடைசியாகப் பழகினோம். தரையில் மெத்தை விரித்து, பக்கவாட்டில் புரண்டு, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, நாற்காலியின் அருகே தவழ்ந்து போய், அதன்மேல் கைகளை வைத்து, ஒரு காலை முன்னே மடக்கி வைத்து எழுவது. முதல் முறை எழுந்து நின்றபோது அவர் எதுவும் சொல்லவில்லை. திரும்பவும் கீழே உட்கார்ந்தார். திரும்பவும் எழுந்தார்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களை எது இணங்க வைத்தது? எழுதுங்கள்.

78 வயதுக்காரர்:

மகளே, நான் பெரியவர்கள் பக்கம் நின்று எழுதுகிறேன்.

பதினைந்து ஆண்டுகளாக நாள் தவறாமல் ஒரு மணி நேரம் நடப்பவன் நான். அது போதும் என்று இருந்தேன். ஒரு நாள் குளியலறை வாசலில் கால் தடுக்கி விழுந்தேன். எலும்பு முறியவில்லை, இரத்தம் வரவில்லை. ஆனால் எழ முடியவில்லை. வீட்டில் யாரும் இல்லை. முக்கால் மணி நேரம் அந்தத் தரையில் கிடந்தேன். நடை நல்லதுதான், இன்றும் நடக்கிறேன். ஆனால் தடுக்கும்போது சட்டென்று காலை எடுத்து வைக்கவும், விழுந்த இடத்திலிருந்து உடம்பைத் தூக்கவும் அது எனக்குக் கற்றுத்தரவில்லை.

பிறகு வீட்டார் எல்லோரும் "பார்த்து, பார்த்து" என்று என் பின்னாலேயே வந்தார்கள். அந்தச் சொல்லைக் கேட்கக் கேட்க எனக்குக் கால் தடுமாறியது. பயம் கூடினால் அடி குறுகும், அடி குறுகினால் நிலை குலையும். பிள்ளைகளே, தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள்.

பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த இளைஞர் என் வயதைக் கேட்கவில்லை. "ஐயா, முன்பு செய்து இப்போது விட்டுவிட்ட வேலை எது?" என்று கேட்டார். பயணப்பெட்டியை ரயிலின் மேல்தட்டில் நானே வைப்பது என்றேன். அதிலிருந்தே தொடங்கினார். முதலில் வெறும் கையைத் தலைக்கு மேல் உயர்த்துவது, பிறகு தண்ணீர் நிரப்பிய பாட்டிலோடு, பிறகு சிறு பையோடு. கூடவே படியில் ஏறி இறங்குவது, இரண்டு கையிலும் பை ஏந்தி நடப்பது, குதிகாலும் விரல்நுனியும் தொடும்படி ஒரே கோட்டில் அடி வைப்பது.

முதல் வாரம் தொடை இரண்டும் இரண்டு நாள் வலித்தன. ஏதோ கெட்டுவிட்டது என்று நிறுத்திவிட இருந்தேன். வேலை செய்யாத தசை வேலை செய்தால் அப்படித்தான் இருக்கும், மூட்டுக்குள் குத்தினால் மட்டும் சொல்லுங்கள் என்று அவர் சொன்ன பிறகுதான் மனம் அடங்கியது. இதை முதல் நாளே பெரியவர்களிடம் சொல்லிவிடுங்கள். பாதிப் பேர் அந்த இரண்டு நாளில்தான் கைவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

இயன்முறை மருத்துவர்:

"இனிமேல் வலு எங்கே ஏறப்போகிறது?" என்று கேட்காத குடும்பம் இல்லை. அவர்களுக்கு நான் சொல்வது 1990-ல் பாஸ்டனில் மரியா ஃபியாடரோனே குழுவினர் செய்த ஆய்வை. முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருந்த, 86 முதல் 96 வயது வரையிலான பத்துப் பேர். எட்டு வாரம் எடை தூக்கும் பயிற்சி. முடித்தவர்கள் ஒன்பது பேர், அவர்களின் கால்வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியது. 90 வயதிலும் தசை தன்னிடம் கேட்ட வேலைக்கு ஏற்ப வளர்கிறது.

வயது ஏற ஏற, வேகமாக இயங்கும் தசை இழைகள்தான் அதிகம் மெலிகின்றன. ஐயா சொன்ன அந்தச் 'சட்டென்று காலை எடுத்து வைப்பது' அவற்றின் வேலை. அதனால், பழகிய பின்பு, எழும்போது சற்று விரைவாகவும் உட்காரும்போது மெதுவாகவும் செய்யச் சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல், 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலையும் வலுவும் சேர்ந்த பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது. வாரம் 150 நிமிட நடை போன்றவையும் வேண்டும். விழுவதைப் பயிற்சி ஏறக்குறைய கால் பங்கு குறைக்கிறது என்று 2019-ல் வந்த, பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வும் காட்டியது.

நெஞ்சுவலி, கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம், அண்மையில் அறுவை சிகிச்சை என்றால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் படுக்கையிலிருந்து எழுந்ததும் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு நிற்க வேண்டும். முதுகெலும்பு தேய்ந்து வலுவிழந்தவர்கள் எடையோடு குனிந்து திரும்பக் கூடாது. ஒற்றைக்காலில் நிற்கப் பழகும்போது எட்டும் தூரத்தில் சமையல் மேடையோ சுவரோ இருக்கட்டும். தூக்கும்போது மூச்சை அடக்க வேண்டாம். அக்கா, உங்கள் அம்மா மூன்றாவது ஆட்டத்தில் செய்தாரே, அதுதான்.

மருமகன்:

எங்கள் வீட்டில் எதுவும் நடக்கவில்லை. மாமாவுக்கு 81 வயது. அத்தை போன பிறகு கட்டிலும் சாய்வு நாற்காலியும்தான் அவர் உலகம். பயிற்சியாளரை வரவழைத்தோம், திருப்பி அனுப்பிவிட்டார். இழுத்துப் பயிற்சி செய்யும் ரப்பர் பட்டை வாங்கித் தந்தோம், பிரிக்கவே இல்லை. "முன்பு செய்த வேலை எது?" என்று நானும் கேட்டேன். "எல்லாம் அவளோடு போயிற்று" என்றார். அதற்கு மேல் என்ன கேட்பது?

மூத்த மகள்:

தம்பி, படிக்கும்போதே தொண்டை அடைத்தது. அவரை இப்போது மாற்ற வேண்டும் என்று நினைக்காதீர்கள். அவருக்கு வேண்டியதைக் கேட்பதை விட்டுவிட்டு, உங்களுக்கு அவர் உதவி வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். உண்மையாகவே வேண்டிய உதவியாக இருக்கட்டும், நடிப்பு என்றால் கண்டுபிடித்துவிடுவார். எடை குறைவாக, நடந்து போய் எடுத்து வர வேண்டியதாக இருந்தால் நல்லது. கைப்பிடி இல்லாத படி வேண்டாம்.

மருமகன்:

அக்கா, மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். மாடி அறையில் அவருடைய பழைய புத்தகங்கள் இருக்கின்றன. அறையைப் பழுது பார்க்க வேண்டியிருந்தது. எது எந்த வரிசையில் இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது, நீங்கள் வந்தால்தான் ஆகும் மாமா என்றேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக ஏறினார். நான் இரண்டு படி கீழே நின்றேன், தொடவில்லை, "பார்த்து" என்றும் சொல்லவில்லை.

ஒரு தடவைக்கு மூன்று புத்தகம், ஒரு துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டார், ஒரு கை எப்போதும் கைப்பிடியில். நான்கு தடவை இறங்கி ஏறினார். நான்காவது தடவை மூச்சு வாங்கியது, படியிலேயே உட்கார்ந்தார். நான் மேலே போய் மீதியை எடுக்கத் திரும்பினேன்.

"மீதியை நாளைக்கு நான் பார்த்துக்கொள்கிறேன். யாரும் தொட வேண்டாம்" என்றார்.