மறு: ‘ஸ்டாண்ட்பை’ மின்சாரத்துக்குச் சொல் – கங்குமின்னைத் திரும்பப் பெறுகிறேன்

அனைவருக்கும் வணக்கம்.

‘ஸ்டாண்ட்பை’ மின்சாரத்துக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த மடல் இழையில், போன புதன்கிழமை ‘கங்குமின்’ என்ற சொல்லை முன்வைத்தது நான்தான். அடுப்புச் சாம்பலுக்குள் ராத்திரி முழுக்கக் கிடந்து, காலையில் ஊதினால் பற்றிக்கொள்ளும் கங்கு. அதைப் போல அணைந்த மெஷினுக்குள் அணையாமல் இருக்கும் மின்சாரம். அப்பத்தாவின் அடுப்பை எல்லாம் இழுத்து எழுதியிருந்தேன். நன்றாக இருக்கிறது என்று பலரும் சொன்னீர்கள். எனக்கும் இரண்டு மூன்று நாள் அந்த மிதப்பு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை இரவு அந்தச் சொல்லை முதல்முறையாக ஓர் ஆளிடம் வாய்விட்டுச் சொன்னேன். அத்தோடு அதன் கதை முடிந்தது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டரின் பவர் பட்டன் ஃபேன் சுவிட்ச் மாதிரி கிடையாது. ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. பழைய ஏடி வகைப் பெட்டிகளில் பட்டனை அமுக்கினால் ‘தடக்’கென்று உள்ளே போய் நிற்கும், 230 வோல்ட்டும் அதன் வழியாகவே போகும். 1995இல் இன்டெல் ஏடிஎக்ஸ் என்ற புதுப் பெட்டி அமைப்பைக் கொண்டுவந்த பிறகு அது மாறிவிட்டது. இப்போது பட்டன் செய்வதெல்லாம், எல்லாப் பாகங்களையும் இணைக்கும் மதர்போர்டுக்குச் சேதி சொல்வதுதான். மதர்போர்டு உடனே, மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் பச்சை வயரைக் கறுப்பு வயரோடு சேர்க்கும். எஸ்எம்பிஎஸ் முழு மின்சாரத்தையும் திறந்துவிடும். சரி, பட்டன் சொல்வதைக் கேட்க மதர்போர்டு விழித்திருக்க வேண்டுமே? அதற்காகத்தான் மெஷின் ‘ஆஃப்’ ஆகிக் கிடக்கும்போதும் ஊதா வயரில் 5 வோல்ட் வந்துகொண்டே இருக்கிறது. பின்னால் உள்ள சுவிட்சை அணைத்தாலோ பிளக்கைப் பிடுங்கினாலோதான் அது நிற்கும். இதற்குத்தான் சொல் தேடுகிறோம்.

(இடையில் ஒரு புலம்பல். சர்வருக்கு ‘வழங்கி’ என்று வைத்தோம், பவர் சப்ளைக்கு ‘மின்வழங்கி’ என்று வைத்தோம். இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்தால் என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை. ‘வழங்கியின் மின்வழங்கி மின்சாரம் வழங்கவில்லை’ என்று எழுதிப் பாருங்கள். அதனால் இந்த மடலில் சர்வர், எஸ்எம்பிஎஸ் என்றே எழுதுகிறேன். அதற்குத் தனி இழை போட்டு அடித்துக்கொள்வோம்.)

ஞாயிறு கதைக்கு வருகிறேன். என் மச்சான் வாலிநோக்கத்தில் கல்யாண வீடியோ எடுக்கிறவன். பத்துப் பன்னிரண்டு வருஷக் கல்யாணங்கள் தனித்தனி ஹார்ட் டிஸ்க்குகளில், ஷூ டப்பாக்களில் கிடக்கின்றன. எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்க்க வீட்டிலேயே ஒரு சர்வர் கட்டினான். மதர்போர்டு, பிராசசர், மெமரி, எஸ்எம்பிஎஸ் எல்லாம் புதிது. கேபினட் மட்டும் பழையது. பிரவுசிங் சென்டர் வைத்திருந்த காலத்துப் பெட்டி, பரணில் கிடந்தது. ‘வெறும் தகரம்தானே, அதுக்கு எதுக்குக் காசு’ என்று அதையே எடுத்துக்கொண்டான்.

பட்டனை அமுக்கினால் ஒன்றும் இல்லை. ஃபேன் அசையவில்லை, பீப் இல்லை. இரண்டு நாளாக மெமரியைக் கழற்றி மாட்டியிருக்கிறான், நாலு தடவை. பிராசசருக்குத் தனியாக வரும் எட்டுப் பின் கனெக்டரைப் பிடுங்கிச் சொருகியிருக்கிறான். போர்டுக்கு அடியில் ஸ்குரூ ஏதும் விழுந்து ஷார்ட் ஆகிறதா என்று முழுசாக வெளியே எடுத்துக்கூடப் பார்த்திருக்கிறான். அப்புறம்தான் எனக்குப் போன்.

“உசுரே இல்ல மச்சான்.”

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். சொல்லைச் சோதிக்க இதைவிட நல்ல நேரம் கிடைக்குமா?

“கங்கு இருக்கா பாருடா.”

மறுமுனையில் சத்தம் இல்லை. அப்புறம் நாற்காலி தள்ளுகிற சத்தம், ஏதோ உருளுகிற சத்தம்.

“பிளக்கைப் பிடுங்கிட்டேன் மச்சான். புகை ஒண்ணும் வரல. வாடைகூட இல்லையே, எங்க இருந்து கங்கு?”

அவன் தப்பு இல்லை. அவன் தாய்மாமன் கடலாடிப் பக்கம் கரிமூட்டம் போடுகிறவர். சீமைக்கருவேல விறகை அடுக்கி, மண் பூசி, உள்ளே தணலாகவே வேகவைத்து எடுக்கும் தொழில். மூட்டத்தைப் பிரித்துச் சாக்கில் அள்ளும்போது ஒரே ஒரு கங்கு தங்கிவிட்டால் சாக்கு புகைந்துவிடும், பக்கத்துச் சாக்கும் போகும். அந்த வீட்டில் ‘கங்கு இருக்கா’ என்றால் தண்ணீர்க் குடத்தைத் தூக்கு என்று அர்த்தம். நான் அடுப்பை நினைத்துச் சொல் செய்தேன். அவன் காதில் மூட்டம் விழுந்தது. அதுவும் மின்சாரச் சாமானைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனிடம் போய் நெருப்பைப் பற்றிக் கேட்டால்?

பிளக்கைத் திரும்பப் போடச் சொல்லிவிட்டு, இந்த முறை சொல்லே இல்லாமல் கேட்டேன். “ரூம் லைட்டை அணைச்சுட்டு போர்டைப் பாரு. எங்கயாவது சின்னதா எரியுதா?”

“ஆமா, ஓரத்துல ஒண்ணு எரியுது. விடிவிளக்கு மாதிரி.”

போனைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். விடிவிளக்கு. எல்லார் வீட்டுப் படுக்கையறையிலும் மாட்டியிருக்கிற, விடியும்வரை எரிகிற அந்தச் சின்ன பல்பு. வீடு தூங்குகிறது, ஆனால் கரண்ட் இருக்கிறது என்று அதைப் பார்த்தாலே தெரியும். போர்டில் உள்ள அந்த எல்இடி சொல்வதும் அதே சேதிதான். நாம் ஒரு வாரமாக அகராதிகளைப் புரட்டிக்கொண்டிருந்தோம். அவனுக்கு ஒரு நொடி ஆனது.

விடிவிளக்கு எரிகிறது என்றால் பிளக், கேபிள், பின்பக்க சுவிட்ச், எஸ்எம்பிஎஸ்ஸின் ஒரு பகுதி எல்லாம் சரி. ‘ஒரு பகுதி’ என்று அழுத்திச் சொல்கிறேன். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இந்தச் சின்ன மின்சாரத்துக்குத் தனிச் சுற்று உண்டு. அது உயிரோடு இருந்தும் பெரிய சுற்று செத்திருக்கலாம். அதனால் அடுத்து எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் 24 பின் கனெக்டரைப் போர்டிலிருந்து கழற்றி, பச்சையையும் ஒரு கறுப்பையும் சின்னக் கம்பியால் சேர்க்கச் சொன்னேன். அவனுடையது எல்லா வயரும் கறுப்பாக வரும் புது மாதிரி, நிறம் உதவாது. பச்சைக்குரியது 16ஆவது பின் என்று எண்ணிக் கண்டுபிடித்தான். எஸ்எம்பிஎஸ் ஃபேன் சுற்றியது. (சுற்றாவிட்டாலும் செத்துவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது. சுமை இல்லாதபோது ஃபேனை நிறுத்தியே வைக்கும் எஸ்எம்பிஎஸ்கள் இப்போது நிறைய.)

எஸ்எம்பிஎஸ் நல்லது, போர்டும் விழித்திருக்கிறது. பாக்கி இருப்பது பட்டனிலிருந்து போர்டுக்குப் போகும் சேதி. கனெக்டரை மாட்டிவிட்டு, போர்டின் கீழ் மூலையில் பவர் சுவிட்ச் வயர் சொருகியிருந்த இரண்டு பின்களை வெறுமையாக்கி, ஸ்குரூ டிரைவர் முனையால் ஒரு கணம் இரண்டையும் சேர்த்துத் தொடச் சொன்னேன். சர்வர் எழுந்தது. மச்சான் போட்ட கூச்சலில் அத்தை எழுந்து வந்துவிட்டார்.

குற்றவாளி அந்த ‘வெறும் தகரம்’. வாலிநோக்கத்தில் ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, இன்னொரு பக்கம் உப்பளம். ஜன்னல் கம்பியே வருஷத்துக்கு ஒரு பெயிண்ட் கேட்கும். பரணில் கிடந்த கேபினட்டின் பட்டனைக் கழற்றிப் பிளந்து போட்டோ அனுப்பினான்: உள்ளே செம்புத் தகடு முழுக்கப் பச்சைக் களிம்பு. அமுக்கினால் தட்டுப்படுகிறது, ஆனால் மின்சாரம் தாண்டவில்லை.

இனி உங்கள் மடல்களுக்கு.

> ‘காத்திருப்பு மின்சாரம்’ என்று பாடத்தில் சொல்லிக்கொடுத்துப் பழகிவிட்டது. எதற்கு மாற்ற வேண்டும்?

அக்கா, பள்ளிக்கூடத்தில் அது இருக்கட்டும், நான் அடிக்க வரவில்லை. ஆனால் கீழக்கரையில் கரண்ட் போன நேரத்தில் யாரிடமாவது ‘காத்திருப்பு மின்சாரம் இருக்கா’ என்று கேட்டுப் பாருங்கள். ‘இன்வெர்ட்டர் போட்டிருக்கோம்’ என்றுதான் பதில் வரும். ஒன்று போனால் இன்னொன்று வரக் காத்திருப்பது வேறு. இது எங்கும் போகாமல் எப்போதும் ஓடிக்கொண்டிருப்பது. ஆங்கிலத்தில் ஜெனரேட்டருக்கும் இதற்கும் ஒரே சொல் என்பதால் தமிழிலும் அந்தக் குழப்பம் வேண்டுமா?

> ‘துயில்மின்’ எப்படி?

மண்டபம் நண்பருக்கு: ஓசை அழகாக இருக்கிறது. ஆனால் ‘ஸ்லீப்’ என்று வேறொரு நிலை இருக்கிறதே, அதில் மெமரிக்கும் சேர்த்து மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். ‘துயில்’ என்ற சொல்லை அதற்கு விட்டுவைப்போம்.

> ‘ஐவோல்ட் மின்சாரம்’ என்றால் குழப்பமே இல்லை.

இன்டெல் பிறகு கொண்டுவந்த, 12 வோல்ட் மட்டும் தரும் எஸ்எம்பிஎஸ் வகையில் இந்த மின்சாரமும் 12 வோல்ட்டாகிவிட்டது. எண்ணைச் சொல்லுக்குள் வைத்தால் எண் மாறும்போது சொல் பொய்யாகும்.

இப்போது தேவிபட்டினம் ஐயாவின் மடல். திங்கட்கிழமை ‘விடிமின்’ என்று நான் தனிமடலில் அனுப்பியதற்கு வந்த பதில், அவர் அனுமதியோடு:

> தம்பி, ‘மின்’ என்பது பழந்தமிழில் பன்மை ஏவல் விகுதி. வம்மின் என்றால் வாருங்கள், கேண்மின் என்றால் கேளுங்கள். வினைப்பகுதியின் பின்னால் மின்னைக் கொண்டுபோய் ஒட்டினால் ‘விடிமின்’ என்பது ‘எல்லாரும் விடியுங்கள்’ என்று ஆகும். யார் விடிவது?

படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். ஐயா சொல்வது நம் பட்டியலில் உள்ள பல சொற்களுக்கும் பொருந்தும். வினைக்குப் பின்னால் ‘மின்’ போடுகிற பழக்கத்தை நாம் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ‘கங்கு’ பெயர்ச்சொல் என்பதால் அங்கே தப்பித்தேன். இங்கே மாட்டிக்கொண்டேன். அதனால் சுருக்காமல் ‘விடிமின்சாரம்’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்பது என் முடிவு. மூன்றெழுத்து கூடுகிறது, கூடட்டும். விடியும்வரை எரியும் விளக்கு விடிவிளக்கு என்றால், விடியும்வரை ஓடும் மின்சாரம் விடிமின்சாரம். ஐயா இதற்கு ‘குற்றமில்லை’ என்று மட்டும் எழுதியிருக்கிறார். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு.

‘விடிநிலை’ என்று மெஷினின் நிலைக்கும் நீட்டலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். எனக்கு மனசு ஒப்பவில்லை. அது எழுந்திருக்கப் போகிற நேரத்தைச் சொல்வது போல இருக்கிறது, தூங்குகிற நேரத்தை அல்ல. மின்சாரத்துக்கும் விளக்குக்கும் மட்டும் இப்போதைக்குப் போதும்.

இந்தச் சொல்லுக்கு நான் இவ்வளவு மல்லுக்கட்டுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மச்சான் நாலு தடவை மெமரியைக் கழற்றி மாட்டியபோது ஒரு தடவைகூடப் பிளக்கைப் பிடுங்கவில்லை. ‘அதான் ஆன் ஆகலையே’ என்கிறான். ஆன் ஆகாத மெஷினிலும் மின்சாரம் இருந்தது. எதுவும் பொசுங்காதது அவன் அதிர்ஷ்டம். இப்போது அவனிடம் ஒரே விதி சொல்லியிருக்கிறேன்: விடிவிளக்கு அணைந்த பிறகுதான் கை வைக்கணும். பிளக்கைப் பிடுங்கியதும் அது உடனே அணையாது. மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெபாசிட்டரில் மிச்சமிருப்பது தீரும்வரை சில நொடி மங்கி மங்கி எரிந்துதான் போகும். அந்த நொடிகளைப் பொறுக்க வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்கவே கூடாது. அதற்குள் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும், அதற்கு விடிவிளக்கு ஜாமீன் தராது.

அகராதிக்கான வரைவு, திருத்துங்கள்:

விடிமின்சாரம் (பெ.): கருவி அணைந்திருக்கும்போதும், அதை எழுப்பும் சேதியைக் கேட்பதற்காக எஸ்எம்பிஎஸ் தொடர்ந்து தரும் சிறு மின்சாரம். ஏடிஎக்ஸ் கனெக்டரில் 9ஆவது பின், ஊதா வயர், 4.75 முதல் 5.25 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

விடிவிளக்கு (பெ.): 2. மதர்போர்டில் விடிமின்சாரம் இருப்பதைக் காட்டும் எல்இடி. எல்லா போர்டிலும் இருப்பதில்லை. இல்லாவிட்டால் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரால் 9ஆவது பின்னைப் பார்க்க வேண்டும்.

முதல் பொருளை எழுதத் தேவையில்லை, அது எல்லார் வீட்டிலும் எரிகிறது.

புதுப் பட்டன் வாங்க மச்சான் இன்னும் ராமநாதபுரம் போகவில்லை. ரீசெட் பட்டனின் வயரைப் பிடுங்கிப் பவர் பின்னில் சொருகிவிட்டான். இரண்டும் ஒரே வகைப் பட்டன்தான், வேலை நடக்கிறது. ‘ரீசெட்’டுக்கு மீளமை சரியா, மறுதொடக்கம் சரியா என்று இன்னொரு இழை ஓடிக்கொண்டிருக்கிறதே, அதில் மட்டும் அவனிடம் கருத்துக் கேட்டுவிடாதீர்கள். அவனைப் பொறுத்தவரை ரீசெட் என்றால் ஆன்.

அன்புடன்,
உச்சிப்புளியிலிருந்து