சூரியநெல்லியில் ராச்சாப்பாடு: மலைக்குடிலில் தங்கினவர்கள் சொல்லுங்கள்

மதுரையிலிருந்து:

போன டிசம்பரில் கேரளாவில், மூணாறுக்குக் கிட்டே இருக்கிற சூரியநெல்லிப் பக்கம் ஒரு மரக்குடிலில் இரண்டு ராத்திரி தங்கினோம். நான், வீட்டுக்காரி, இரண்டு பிள்ளைகள், மாமனார். குடிலைக் குறை சொல்ல முடியாது. ஜன்னலைத் திறந்தால் தேயிலை, கதவைத் திறந்தால் பனி. ஆனால் புக் பண்ணின இடத்தில் ‘பத்து நிமிடத்தில் சாப்பாட்டுக் கடைகள்’ என்று போட்டிருந்தார்கள். அதை நம்பி ராத்திரிக்கு எதுவும் கட்டிக்கொண்டு போகவில்லை.

போடிமெட்டில் 17 கொண்டை ஊசி வளைவு. மாமனார் வளைவுக்கு ஒரு புளிப்பு மிட்டாய் என்று கணக்கு வைத்து ஏறினார், பன்னிரண்டாவதில் மிட்டாய் தீர்ந்துபோனது. மேலே பூப்பாறையில் ஏலக்காய் வாசம் வந்த பிறகுதான் மனிதர் தெளிந்தார். குடிலைச் சேரும்போது மணி ஐந்தரை.

குடிலைப் பார்த்துக்கொள்கிற அண்ணன் தேயிலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய தாத்தா சங்கரன்கோவில் பக்கமிருந்து கொழுந்து பறிக்க வந்தவராம். சாவியைக் கொடுத்த கையோடு, “ராத்திரிக்கு என்ன சார் ஏற்பாடு?” என்றார். எட்டு மணி வாக்கில் வெளியே போய்ச் சாப்பிடுவோம் என்றேன். சிரித்தார். “கடையெல்லாம் ஏழுக்கே அடைச்சிருவாங்க. திறந்திருந்தாலும் நீங்க போகக் கூடாது. ரோட்டில ஆனை நிக்கும்.”

அந்த வழியிலேயே ஆனையிறங்கல் என்று ஒரு அணை இருக்கிறது. ஆனை இறங்குகிற இடத்தில் அணையைக் கட்டி ஆனையின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டி வந்தும் எனக்கு உறைக்கவில்லை பாருங்கள்.

ஏழு மணிக்குப் பிள்ளைகளுக்குப் பசி. பையில் முறுக்கும் பிஸ்கட்டும்தான். மாமனார் முறுக்கை எடுத்து வராந்தாவில் உட்கார்ந்தார். கீழே சரிவில் ஏதோ முறிகிற சத்தம், மூங்கிலோ வாழையோ தெரியவில்லை. அரை நிமிடம் கழித்து இன்னொன்று. பெரியவர் முறுக்கைக் கடிக்காமல் வாயிலேயே வைத்துக்கொண்டு உள்ளே வந்து தாழ்ப்பாள் போட்டார்.

கொஞ்ச நேரத்தில் அந்த அண்ணனும் இன்னொருவரும் டார்ச்சோடு வந்தார்கள். தூக்குவாளியில் கஞ்சி, சிறுபயறு, தேங்காய்ச் சம்மந்தி (நம்ம துவையல் மாதிரி), சுட்ட அப்பளம். அவர்கள் லயத்தில், அதாவது எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், ராத்திரிக்கு வைத்ததில் எங்களுக்கும் ஒரு பங்கு. சூட்டோடு குடித்த அந்தக் கஞ்சியைப் பற்றி இப்போது எழுதும்போதும் நாக்கில் எச்சில் ஊறுகிறது. அதில் பெரிய சமையல் ஒன்றும் இல்லை. குளிரும் பயமும் பசியும்தான் பாதி ருசி.

சாப்பிட்டு முடித்ததும் மிச்சத்தை வைக்க விடவில்லை. பருக்கைகூட இல்லாமல் கழுவி எடுத்துப் போனார்கள். அரிசி வாசம் ஆனைக்கு எட்டுமாம். ரேஷன் கடைச் சுவரையே உடைத்து அரிசி தின்ற ஒன்று இந்தப் பக்கம்தான் இருந்தது என்று சொன்னார். அப்போதுதான் பிடிபட்டது: அரிக்கொம்பன்!

விடிகாலை நாலு மணிக்குக் கொழுக்குமலை ஜீப். இதைத் தவறவிடாதீர்கள். இடம் நம்ம தேனி மாவட்டம், ஜீப் ஏறும் வழி மட்டும் கேரளாவில் சூரியநெல்லியிலிருந்து. சொந்த வண்டி அந்தத் தடத்தில் ஏறாது. பாதை என்று சொல்வது மரியாதைக்காக. கல்லின் மேல் கல், அதன் மேல் ஜீப். முதுகுவலி இருக்கிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். மாமனாரைக் குடிலிலேயே விட்டுவிட்டுப் போனோம், நல்லவேளை. மேலே சுமார் 7,900 அடி உயரத்தில் மேகமெல்லாம் காலுக்குக் கீழே கிடக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் நம்ம ஊர்ச் சமவெளியிலிருந்து சூரியன் வருகிறது. பழைய தேயிலைத் தொழிற்சாலையையும் பார்த்தோம். இலையை வாட்டி உருட்டிப் புளிக்கவைக்கிற பழைய முறை, மர வேலைப்பாடு அதிகம். அங்கே குடித்த டீ சுமார்தான், உண்மையைச் சொல்ல வேண்டும்.

இறங்கி வந்ததும் சின்னக் கடை ஒன்றில் புட்டும் கடலைக்கறியும். சின்னவன் குழலோடு வேண்டும் என்று அடம்பிடித்தான், கடைக்கார அக்கா குழலைத் தட்டிலேயே தட்டிக் காட்டினார். மத்தியானம் பூப்பாறையில் கப்பைக்கிழங்கும் (மரவள்ளி) மத்தி மீன் குழம்பும், குடம்புளி போட்டது. நம்ம புளிக்குழம்பு நாக்குக்கு முதல் வாய் வித்தியாசமாக இருக்கும், மூன்றாவது வாயில் சரியாகிவிடும். இரண்டாவது நாள் ஆறரைக்கே ராச்சாப்பாட்டை முடித்துவிட்டோம்.

கம்பத்திலிருந்து:

அரிக்கொம்பன் பெயரை எடுத்ததால் எழுதுகிறேன். சின்னக்கானலில் 2023 ஏப்ரல் 29 அன்று அதைப் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை, மே 27 காலையில் எங்கள் ஊர்த் தெருவில் நடந்தது. நான் பால் வாங்கப் போனவன், யாரோ கத்துகிறார்கள் என்று திரும்பினால் வீட்டுச் சுவர் நகர்கிற மாதிரி இருந்தது. பால் பாக்கெட்டை எங்கே போட்டேன் என்று இன்றுவரை தெரியாது. ஆட்டோவையெல்லாம் உடைத்தது. ஜூன் 5 அன்று மறுபடி பிடித்துக் களக்காடு முண்டந்துறைப் பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். அதனால் குடில் அண்ணன் சொல்வதைக் கேளுங்கள். அது வளர்ந்த காடு அது. நாம்தான் டார்ச்சோடு போகிறோம்.

உடுமலையிலிருந்து:

எங்கள் பக்கத்து மலையையும் சொல்லிவிடுகிறேன். உடுமலையிலிருந்து சின்னாறு செக்போஸ்ட் வழியாக மறையூர், அப்புறம் காந்தளூர். பைக்கில் போனால் இருட்டுக்கு முன் காட்டைக் கடந்துவிடுங்கள், எங்களுக்கும் செக்போஸ்ட்டில் அதைத்தான் சொன்னார்கள்.

இடுக்கி என்றால் மழை என்று நினைப்போம். அதே மாவட்டத்துச் சின்னாறு மழை மறைவுப் பகுதி, மலை மறைப்பதால் மழை குறைவு, முள்ளுக்காடு, நம்ம ஊர் மாதிரியே வெயில். வனத்துறை ஆளோடு தூவானம் அருவிக்கு நடந்தோம். கூட வந்தவர் அந்த மலையின் பழங்குடிக்காரர், நாங்கள் பேசப் பேச வாயில் விரலை வைத்தார். சத்தம் குறைந்த பிறகுதான் சாம்பல் நிற அணில் ஒன்று கிளையில் தெரிந்தது, பூனை அளவு இருக்கும். அருவி விழுவது பாம்பாற்றில். கேரளாவில் கிழக்கே ஓடுகிற ஆறுகள் மூன்றே மூன்று, அதில் இது ஒன்று. கடைசியில் எங்கள் அமராவதியில்தான் வந்து சேர்கிறது. எங்கள் வயல் தண்ணீரின் வீட்டுக்கு விருந்தாளியாகப் போன மாதிரி இருந்தது.

சாப்பாட்டில் மறக்க முடியாதது மறையூர் வெல்லம். 2019இல் புவிசார் குறியீடு வாங்கினது. கரும்புத் தோட்டத்து ஓரக் கொட்டகையில் பிழிந்த சக்கையையே எரித்துப் பெரிய கொப்பரையில் பாகு காய்ச்சுகிறார்கள். பாகு இறுகுவதற்குள் கையாலேயே உருண்டை பிடிக்க வேண்டும். நான் ஒன்று முயன்று பார்த்தேன், உள்ளங்கை சிவந்ததுதான் மிச்சம். சூடான உருண்டையைப் பிட்டுக் கட்டன் சாயாவோடு (பால் இல்லாத டீ) கடித்துக் குடியுங்கள், சர்க்கரை வேண்டாம். காந்தளூரில் பூண்டு வாங்குங்கள். பல் சின்னது, காரம் பெரியது. முனியறை என்று சொல்கிற பழங்காலக் கல்லறைக் கற்களையும் பாருங்கள், ஆனால் மேலே ஏறி உட்கார்ந்து போட்டோ எடுக்காதீர்கள். நான் போனபோது நாலு பேர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள், எரிச்சலாக இருந்தது.

தேனியிலிருந்து:

ஏப்ரலில் மூணாறு பக்கத்து இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குப் போகலாம் என்று இருக்கிறோம். வரையாடு பார்க்க முடியுமா? மதுரைக்காரரே, கடைசியில் ஆனையைப் பார்த்தீர்களா இல்லையா, அதைச் சொல்லவே இல்லையே.

மதுரையிலிருந்து:

வரையாடு குட்டி போடும் காலம் என்று பிப்ரவரி, மார்ச்சில் பூங்காவை மூடிவைப்பார்கள். திறந்த பிறகு போனால் குட்டிகளோடு பார்க்கலாம், ஆனால் திறந்துவிட்டார்களா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். குறிஞ்சிப் பூ மட்டும் எதிர்பார்க்காதீர்கள். 2018இல் மலையெல்லாம் பூத்தது, அடுத்தது 2030.

ஆனையைப் பார்க்கவில்லை. ஜீப்புக்குக் கிளம்பும்போது குடிலுக்கு இருபதடி கீழே ஆனை லத்தி (சாணம்) கிடந்தது. டார்ச் வெளிச்சத்தில் இன்னும் ஆவி போய்க்கொண்டிருந்தது. மாமனார் அதைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கத்தோடு போட்டார். ராச்சாப்பாட்டுக்கு வெளியே போகலாம் என்று சொன்னது மாப்பிள்ளைதான் என்று கீழே ஒரு வரி வேறு.