34 வாரத்தில் 1720 கிராம்: பிரசவ தேதியைத் தள்ளிப் போடலாமா?

வார்டு_சிஸ்டர் (கேள்வி)

செவிலியர் பயிற்சி வகுப்புக்காக ஒரு மாதிரி ரிப்போர்ட். கடைசி மாதவிடாய்க் கணக்கில் 34 வாரம். 9-ஆம் வாரம் எடுத்த முதல் ஸ்கேனும் அதே தேதிதான். இப்போது தலைச் சுற்றளவு 33 வாரத்துக்கும், வயிற்றுச் சுற்றளவு 30 வாரத்துக்கும், தொடை எலும்பு 32 வாரத்துக்கும் உரிய அளவில் இருக்கின்றன. எடை 1720 கிராம். கீழே "ஸ்கேன்படி 31 வாரம் 5 நாள்" என்று போட்டு, பிரசவ தேதியும் 16 நாள் தள்ளி அச்சாகியிருக்கிறது. தாய்க்கு ஹீமோகுளோபின் 9.2, பி.பி. 138/88. கர்ப்பத்துக்கு முன் 43 கிலோ, இதுவரை ஏறியது 6 கிலோ.

எந்தத் தேதியை எடுப்பது? சாப்பாட்டைக் கூட்டினால் குழந்தை எடை ஏறுமா? எடை குறைவாகப் பிறந்தால் பிற்காலத்தில் சுகர் வரும் என்பது உண்மையா?

பனிக்குடம்

தேதியைத் தொடவே கூடாது சிஸ்டர். 9 வாரத்தில் தலை முதல் பிட்டம் வரை அளந்து போடும் கணக்கு ஒரு வாரத்துக்கு மேல் பிசகாது. கடைசி மூன்று மாதத்தில் எடுக்கும் அளவு மூன்று வாரம் வரை பிசகும். மெஷின் சராசரிக் குழந்தையோடு ஒப்பிட்டு ஒரு வாரக் கணக்கைத் துப்புகிறது, அவ்வளவுதான். படிப்பில் பின்தங்கிய பையனை ஒரு வகுப்பு கீழே இறக்கிவிட்டு "நன்றாகப் படிக்கிறான்" என்று எழுதுவது போலத்தான் இது. 31 வாரம் 5 நாளுக்கு 1720 கிராம் ஒன்றும் பயப்படும் எடை இல்லை. 34-க்கு அது 3-ஆம் பெர்சென்டைலுக்குக் கீழே: நூறு குழந்தைகளை எடை வரிசையில் நிறுத்தினால் கடைசி மூன்று பேரில் ஒருவர்.

எடையைவிட அந்த மூன்று அளவுகளைப் பாருங்கள். தலை 33, வயிறு 30. நஞ்சுக்கொடி வழியாக வரும் ரத்தம் குறைந்தால் குழந்தையின் உடம்பு மூளைக்கு முதலில் கொடுக்கும். கல்லீரலில் சர்க்கரைச் சேமிப்பு காலியாகி, அது சுருங்கும். அளக்கிற வயிற்றுச் சுற்றளவில் பெரும்பகுதி கல்லீரல்தான். தேதி மட்டும் தப்பு என்றால் தலை, வயிறு, தொடை எல்லாமே ஒரே அளவுக்குப் பின்தங்கியிருக்கும்.

எடைக் கணக்கிலேயே 10% பிழை சாதாரணம். 1550 முதல் 1890 வரை எதுவாகவும் இருக்கலாம். அதனால் மூன்றாம் நாளே திரும்ப அளப்பதில் பயனில்லை, அளவுகளுக்கு இரண்டு வார இடைவெளி வேண்டும். டாப்ளருக்கு (தொப்புள்கொடி ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேன்) அப்படிக் காத்திருக்கக் கூடாது, உடனே பார்க்க வேண்டும்.

கீரைக்கட்டு

எனக்கு முதலில் உறுத்துவது பி.பி.தான். 140/90 தாண்டவில்லை என்று விட்டுவிடுவார்கள். வளராத குழந்தையோடு 138/88 சேர்ந்து வந்தால் இரண்டுக்கும் வேர் ஒன்றாக இருக்கலாம்: கர்ப்பத்தின் தொடக்கத்தில் கர்ப்பப்பை ரத்தக்குழாய்கள் போதிய அளவு விரியாமல் போவது. ஐந்து நிமிடம் உட்காரவைத்து, கைக்கேற்ற பட்டை கட்டி மறுபடி பாருங்கள். சிறுநீரில் புரதமும் பார்க்க வேண்டும். இதைத் தடுக்கக் கொடுக்கும் ஆஸ்பிரின் 16 வாரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன், இந்தக் கட்டத்தில் அது அடுத்த கர்ப்பத்துக்கான குறிப்பு மட்டுமே.

சாப்பாடு: உயரம் 153 செ.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் 43 கிலோ எடைக்கு பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) 18.5-ஐத் தொடாது, அதாவது எடை போதாது. அப்படிப்பட்டவருக்கு ஒன்பது மாதத்தில் மொத்தம் 12.5 முதல் 18 கிலோ ஏற வேண்டும். "குழந்தை பெருத்தால் பிரசவம் கஷ்டம், பார்த்துச் சாப்பிடு" என்று வீட்டில் யாராவது சொல்கிறார்களா என்று விசாரியுங்கள். ஆனால் நஞ்சுக்கொடியில் ஓட்டம் குறைந்துபோன பிறகு புரோட்டீன் பவுடரோ அமினோ அமில டிரிப்போ அதைச் சரிசெய்யாது. முழுப் படுக்கை ஓய்வும் அப்படித்தான். சாப்பாடு வேண்டாம் என்று சொல்லவில்லை, தாய்க்கு அது அவசியம். 1720-ஐ 2400 ஆக்கும் வைத்தியம் அது இல்லை என்கிறேன்.

9.2 என்பது மிதமான ரத்த சோகை. இரும்பு மாத்திரையைக் கால்சியத்தோடு சேர்த்து விழுங்கினால் இரும்பு சரியாக உடம்பில் சேராது, இரண்டு மணி நேரம் இடைவெளி விடச் சொல்லுங்கள். டீயோடும் கூடாது. 34 வாரத்தில் மாத்திரையை மட்டும் நம்பியிருக்க நாள் போதாது, ஊசி வழி இரும்பு பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

தாலாட்டு

மூன்றாவது கேள்விக்கு. தொடர்பு இருக்கிறது, தலையெழுத்து இல்லை. இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பிறப்புப் பதிவேடுகளை வைத்து டேவிட் பார்க்கர் குழு 1989-ல் காட்டியது: சிறுவயது எடை குறைவாக இருந்த ஆண்களிடையே மாரடைப்பு மரணம் அதிகம். நமக்கு நெருக்கமானது புனே ஆய்வு. அங்குள்ள குழந்தைகள் சராசரியாக 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. ஆனால் புனே குழந்தைகளுக்குத் தசைதான் குறைவு, முதுகுத் தோலடிக் கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு.

டெல்லியில் பிறந்தவர்களைத் தொடர்ந்து பார்த்து 2004-ல் வெளியான ஆய்வு இன்னும் உபயோகமானது. 30 வயதை ஒட்டி சுகர் வந்தவர்கள், குழந்தையாக ஒல்லியாக இருந்து 2 வயதுக்குப் பிறகு மளமளவென்று பி.எம்.ஐ. ஏறியவர்கள். ஆக, முதல் இரண்டு வருடம் நன்றாக வளரட்டும். அதற்குப் பிறகு "கொழுகொழு" ஆக்க ஊட்டித் திணிப்பதுதான் வம்பு.

இந்தக் குழந்தைக்கு முதல் கண்டம் பிறந்த மூன்று நாள். பனிக்குடம் சொன்ன அந்தக் காலியான கல்லீரல்தான் காரணம், சர்க்கரை சட்டென்று இறங்கும். முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், தாயின் மார்போடு தோலோடு தோல், உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 வரை. குதிகாலில் குத்திச் சர்க்கரை பார்க்கும்போது 45-க்குக் கீழே போனால் "தூங்குகிறது, தொந்தரவு செய்ய வேண்டாம்" என்று விடக் கூடாது.

வார்டு_சிஸ்டர்

டாப்ளர் நார்மல் என்று வந்தால் 40 வாரம் வரை விடலாமா?

பனிக்குடம்

கூடாது. 3-ஆம் பெர்சென்டைலுக்குக் கீழே இருந்தால் டாப்ளர் நன்றாக இருந்தாலும் 37 வாரத்தையொட்டிப் பிரசவம் பார்ப்பதுதான் வழக்கம். இதயம் விரியும் நேரத்தில் தொப்புள்கொடி ஓட்டம் நின்றுபோனால் 33–34 வாரம், அதாவது இப்போதே. எதிர்த்திசையில் ஓடினால் 34 வரை வந்ததே தாமதம். அதுவரை குழந்தையின் அசைவு குறைந்தால் விடியும்வரை பார்க்கலாம் என்று இருக்காமல் அன்றே வர வேண்டும்.

இந்த வாரங்களை எல்லாம் எந்தத் தேதியிலிருந்து எண்ணுகிறீர்கள் என்பதுதான் விஷயம். தள்ளிய தேதியை நம்பினால் உங்கள் "37" உண்மையில் 39-ஐத் தாண்டியிருக்கும். ரிப்போர்ட்டில் அந்தப் புதுத் தேதியைக் குறுக்கே அடித்து, 9 வார ஸ்கேன் தேதியைத் தாய்-சேய் அட்டையின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதச் சொல்லிக் கொடுங்கள்.