புதுப்பிப்பு: அந்த பழைய இரும்பு பிளக் விஷயம்

போன வாரம் கேட்டிருந்தேனே, ஜெர்மனில செகண்ட் ஹேண்ட்ல வாங்குன மர இழைப்பு மெஷின்ல தட்டையா, மெட்டல் கூடு போட்ட நாலு பின் பிளக் இருக்கு, அடாப்டர் போட்டு ஓட்டலாமான்னு. வேணாம்னு தடுத்த எல்லாருக்கும் மனசார நன்றி.

எலக்ட்ரீஷியன் வந்து பாத்தார். அது கிராகன்ஸ்டெக்கராம், 1970கள்ல சிவப்பு கலர் வட்ட சிஇஇ பிளக் (மூணு ஃபேஸ் மெஷினுக்கான ஐரோப்பிய தர பிளக்) வந்தப்புறம் வழக்கொழிஞ்சு போனது. ஸ்க்ரூவ கழட்டுனா உள்ள எர்த் கம்பி டெர்மினல்ல இருந்து நழுவி தொங்குது, பக்கத்துல ஒரு ஃபேஸ் கம்பியோட இன்சுலேஷன் பிஸ்கட் மாதிரி உதிருது, அந்தக் கம்பியோட செம்பு பிளக்கோட மெட்டல் கூட்டுல பட்டிருந்தா நான் கையில பிடிக்கிற இடமே கரண்ட்டு, எர்த் இல்லாததால ஃபியூஸும் போயிருக்காது.

இன்னொன்னு, இத கண்டிப்பா தெரிஞ்சுக்கோங்க: அந்த எர்த் கம்பி சிவப்பு! 1965க்கு முன்னாடி இங்க எர்த்துக்கு சிவப்பு தானாம், அப்புறம் தான் பச்சை மஞ்சள். நம்மூர்ல சிவப்புன்னா ஃபேஸ்னு பழகுன கை, நானே மாட்டியிருந்தா மெஷின் பாடிக்கே ஃபேஸ் குடுத்திருப்பேன், நினைச்சாலே வயித்த கலக்குது.

இப்ப கேபிளோட மாத்தி 16 ஆம்பியர் அஞ்சு பின் சிஇஇ போட்டாச்சு. அதுல எர்த் பின் மத்ததவிட தடிமன், தப்பா சொருகவே முடியாது. மொதல்ல மோட்டார் தலைகீழா சுத்துச்சு, ரெண்டு ஃபேஸ் கம்பிய இடம் மாத்துனதும் சரியாயிடுச்சு. பழைய பிளக்க கேபிள வெட்டி ஸ்கிராப்ல போட்டுட்டேன்.